உள்ளே போகாத பெல்ட்

மழை ஓய்ந்தும் வானம் தெளியாத கூதிர்ப் பருவம். இலை நுனியில் தொங்கிய துளி விழ மனமின்றி நிற்கும். வாடை நுழையாத வீடில்லை. விளக்கு நடுங்காத தெருவில்லை. இதோ, நாம் நெருங்கி அமர்ந்திருக்கிறோமே... இதே போன்றதொரு மாலை. மணி ஆறரை.

ஆளரவமற்ற சாலையின் முடிவில் ஒரு கார்ப் பட்டறை. என் நண்பனின் சித்தப்பாவுடையது. உள்ளே, மழையில் மோதி முகம் நசுங்கிய கார் ஒன்று. அதில் சென்ற இருவரில் கடைச் சிப்பந்தி இறந்தான், முதலாளி பிழைத்தார். பிழைத்தவர், அவன்தான் ஓட்டினான் என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த வாக்குமூலம் நின்றுவிட்டால் பழி இறந்தவனுக்கு. அவன் மனைவிக்கு இழப்பீடு இல்லை.

அது பொய் என்பதைச் சித்தப்பா காரைப் பார்த்தே கண்டுகொண்டார். மோதும் கணத்தில் சீட் பெல்ட் இழுபட்ட நீளத்திலேயே இறுகிவிடும். பிறகு உள்ளே போகாது. ஓட்டுபவர் பக்கத்து பெல்ட் ஒரு பெருவயிற்றின் அளவில் நின்றிருந்தது. இறந்தவனோ ஒல்லிக்குச்சி. காலையில் இன்சூரன்ஸ் ஆய்வாளர் அதை அளக்க வருகிறார்.

செய்தி முதலாளியின் காதுக்கு எட்டிவிட்டது. வந்தார். கையில் கத்தி.

"அந்த பெல்ட்ட அறுத்துட்டு வேற மாட்டிடு. என்ன வேணும்னாலும் கேளு."

"உங்க வயித்தத்தான் சார் மாத்தணும். செத்தவன் வாயிலயா மண்ணள்ளிப் போடுறீங்க? வெளிய நடங்க."

கேட்டைத் திறக்கச் சித்தப்பா நடந்தார். பின்னால்... க்ளிக்.

சற்று நேரம் கழித்து... மீண்டும் க்ளிக்.

திரும்பினார். முதலாளி ஓட்டும் இருக்கையில் இருந்தார். பெல்ட் வயிற்றோடு கச்சிதமாய்ப் பொருந்தியிருந்தது. விரல் நுழைய இடமில்லை. பொத்தானை அழுத்தி அழுத்தி நகம் பெயர்ந்தது. கத்தி தரையில் கிடந்தது.

"நான் ஏறலப்பா... இழுத்து உட்கார வச்சுட்டான்..."

பக்கத்து இருக்கையில் ஆளில்லை. ஆனால் அங்கும் பெல்ட் மாட்டியிருந்தது... வெற்றிடத்தின்மீது, ஒல்லியானதொரு மார்பின் வளைவில். மெல்ல ஏறியது... இறங்கியது. நனைந்த சட்டையின் வாடை.

கத்தியை எடுத்து அறுத்து விட்டிருக்கலாம். சித்தப்பா எடுக்கவில்லை.

விடிந்தது. ஆய்வாளர் வந்தார், இறந்தவன் மனைவியும் வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல், "நான்தான் ஓட்டினேன்" என்றார் முதலாளி. அந்த நொடியே அவர் பொத்தான் இளகியது.

எல்லோரும் போனபின் சித்தப்பா கைகழுவி வந்தார். பக்கத்து இருக்கையைத் தூய துணியால் துடைத்தார். கைகூப்பி, தாம் அன்றாடம் ஓதும் பதிகத்தை உதட்டுக்குள்ளேயே ஓதி முடித்தார்.

க்ளிக். ஒருபோதும் உள்ளே போகாத அந்தப் பக்கத்து இருக்கை பெல்ட்... அங்குலம் அங்குலமாக... உள்ளே போயிற்று.

காதோரம் ஈரக் காற்று.

"நல்லா இருங்கண்ணே."