நான்கு மூலையிலும் மை

படம் போடுகிற காகிதம் தேன்கனிக்கோட்டையில் கிடைக்காது, ஆஞ்சப்பா. பஸ் ஏறி ஓசூர் போய், அங்கிருந்து பெங்களூர் போய்த்தான் வாங்கி வரவேண்டும். கொஞ்சம் ஈரம் பட்டாலும் நெளிந்துவிடும். அதனால் மழைக்காலத்தில் இந்த அறைக்குள் நான் யாரையும் விடுவதில்லை. உன் அம்மா நஞ்சம்மாவை மட்டும் விடுவேன். காலை அலம்பி, முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் அவள் உள்ளே வருவாள்.

இரண்டு வருஷமாக நீ ஒரு விஷயத்தை மனதில் போட்டு வதைத்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தீபாவளிக்கு வரமுடியாது என்று நீ கார்டு போட்டதால்தான், அம்மா ஏக்கம் தாங்காமல் பெங்களூருக்கு நடக்க ஆரம்பித்தாள், ஓசூர் தாண்டி ஜூஜுவாடியில் லாரியில் அடிபட்டுச் செத்தாள் என்று. ஊரும் அப்படித்தான் சொல்கிறது. ஊருக்கு அப்படிச் சொன்னவன் நான்தான். கேட்கிறவர்களுக்கு ஏதாவது சொல்லத்தானே வேண்டும். ஆனால் நடந்தது அது இல்லை. அதைச் சொல்லத்தான் உன்னை வரச்சொல்லி எழுதினேன்.

உன் அம்மா மூன்று வருஷம், நான் பார்த்து வரைவதற்காக என் எதிரில் உட்கார்ந்தாள். பத்திரிகைக் கதைகளுக்கு நான் போட்ட மாமியார், பூக்காரி, மகாராணி எல்லாம் அவள்தான். நான் மனதிலிருந்து வரைகிறவன் இல்லை. எதிரில் பார்க்காத ஒன்றை என் கை போடாது. அதைக் குறை என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அதை நேர்மை என்று நினைக்கிறேன்.

ஐம்பத்தைந்தில் சென்னைக் கண்காட்சிக்கு ஒரு படம் அனுப்பினேன். மகனைப் பறிகொடுத்த தாய். துக்கமாக இரு என்று சொல்லி அவளை உட்காரவைத்தேன். பல்வலி வந்தவள் மாதிரி உட்கார்ந்தாள். நடுவில் இரண்டு தடவை சிரித்தும்விட்டாள். "இல்லாத துக்கத்துக்கு மூஞ்சிய எப்படிங்க வெச்சிக்கிறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். படம் திரும்பி வந்தது, நடுவர் எழுதிய ஒரு வரியோடு: சேலை மடிப்பு அழுகிறது, முகம் அழவில்லை. அந்த வரியை நான் ஒருவரிடமும் காட்டவில்லை. அவ்வளவு அவமானமாக இருந்தது.

உன் கார்டுகள் என் விலாசத்துக்கு வரும், நான்தான் படித்துக்காட்டுவேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கார்டு தெரியும். மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம், நான்கு மூலையிலும் கறுப்பு மை இருந்தால் சாவு. அது தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் யார்? கறுப்புக் கார்டை வீட்டுக்குள்கூட வைத்துக்கொள்ளமாட்டார்கள். படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

ஐம்பத்தாறு அக்டோபரில் வந்த கார்டில் நீ எழுதியிருந்தாய்: தீபாவளிக்கு லீவு இல்லை, ஆனால் தொழிற்சாலையில் வீடு கொடுத்துவிட்டார்கள், அடுத்த மாதம் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் அம்மா. நல்ல சேதி. நான் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அவளுக்கும் ஒரு நல்ல காலம் வரட்டும் என்று நினைத்தேன். பிறகு, கண்காட்சிக்குப் படம் அனுப்ப இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

மை மேஜையிலேயே இருந்தது. தூரிகைகூட எடுக்கவில்லை, விரலே போதுமாக இருந்தது. அது காய்கிற நேரத்தில் காகிதத்தைப் பலகையில் குத்தி, பென்சில் சீவி வைத்தேன். காலை பதினோரு மணி. ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருக்கிற நேரம்.

உன் அம்மா வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். "புள்ள ஏதாச்சும் எழுதியிருக்கானுங்களா அய்யா?" என்றாள். நான் கார்டை எடுத்து நீட்டினேன். இதை நீ கவனிக்கவேண்டும், ஆஞ்சப்பா. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வாயிலிருந்து ஒரு பொய்யும் வரவில்லை.

முதலில் அவள் மூலைகளைத்தான் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள், நான் படித்துச் சொல்வேன் என்று. "யாரு எழுதினதுங்க இது? எம் பையன் எழுதலீங்களா?" என்றாள். நான் வரைந்துகொண்டிருந்தேன். மூன்று வருஷம் என்னோடு தமிழிலேயே பேசியவள், உன்னைக் கன்னடத்தில் கூப்பிட்டாள். "நன்ன கந்தா." என் குழந்தையே என்று. கத்தவில்லை. தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்.

ஐந்து நிமிஷத்தில் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். ஐந்து பத்தாயிற்று. அப்படி ஒரு முகத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. கையும் அதற்குமுன் அப்படி ஓடியதில்லை. கண்ணுக்குக் கீழே நிழல் பாக்கி இருக்கும்போது அவள் எழுந்துவிட்டாள். "பெங்களூரு பஸ்ஸு எப்பங்க?" என்றாள். "ரெண்டு மணிக்கு" என்றேன். அதுவும் உண்மைதான். அவள் பஸ்ஸுக்காக நிற்கவில்லை. கார்டு கீழே கிடந்தது.

பின்னாலேயே ஓடியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். நிழலை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். முடித்தபோது மணி நான்கு. பெங்களூர் போனால் உன்னை உயிரோடு பார்க்கப்போகிறாள், இரட்டிப்புச் சந்தோஷம்தானே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். மறுநாள் மத்தியானம் ஜூஜுவாடியிலிருந்து சேதி வந்தது.

படத்துக்கு முதல் பரிசு. வெள்ளிப் பதக்கம். அதே நடுவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். பெண்கள் அந்தப் படத்தின் முன்னால் நின்று அழுதார்கள். அவர்களைப் பார்த்து நானும் அழுதேன். நான் ஒன்றும் கல் இல்லை.

அதற்குப் பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. பொங்கல் மலருக்கு ஒரு புதுப்பெண் போட்டேன். முடித்துப் பார்த்தால் நஞ்சம்மா. சோப்பு விளம்பரத்துக்கு ஒரு குழந்தை போட்டேன். அதுவும் நஞ்சம்மா. பால் ஊற்றுகிற ராஜாத்தியை எதிரில் உட்காரவைத்து, அவள் மூக்கைப் பார்த்து, அவள் மூக்கைத்தான் போடுகிறேன். காகிதத்திலிருந்து உன் அம்மா பார்க்கிறாள், படிச்சுச் சொல்லுங்க என்கிற மாதிரி. ஒரு எருமை போட்டுப் பார்த்தேன். எருமையின் கண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லாரும் எழவு வீட்டிலிருந்து வந்தவர்கள்போல் இருக்கிறார்களே என்று பத்திரிகை ஆசிரியர் எழுதினார். பிறகு எழுதுவதையே நிறுத்திவிட்டார். ஒன்றரை வருஷமாக நான் ஒரு படமும் முடிக்கவில்லை. பயமாக இருக்கிறது, ஆஞ்சப்பா. பட்டப்பகலில், என் சொந்த அறையில் உட்கார எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்தா, இதுதான் அந்தக் கார்டு. கிழித்துப் போட எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்தைப் பார், உன்னுடையதுதான். மூலைகளில் இருப்பது என் விரல்.

அவள் சாவுக்குக் காரணம் நீ இல்லை, நான். இனி நீ நிம்மதியாகத் தூங்கலாம். என் மனசாட்சிக்காகத்தான் உன்னைக் கூப்பிட்டேன், வேறு எதற்கும் இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும் என்றால் நானே கூட வருகிறேன். இன்னும் கொஞ்ச நேரம்தான் ஆகும். இத்தனை நேரமும் என் மடியில் பலகை இருந்ததை நீ கவனிக்கவில்லை, நல்லது. இதோ, இது உன் முகம். நன்றாகப் பார்த்துவிட்டேன், அவள் முகம் இதில் எங்கேயும் இல்லை. அவள் இல்லாமல் ஒரு முகம் வருவது இதுதான் முதல் தடவை. எழுந்திருக்காதே, ஆஞ்சப்பா. அந்தக் கார்டைப் பார்த்தபடியே இன்னும் கொஞ்சம் இரு.