மடையில் கிடந்த மண்சாக்கு

– மறுபடியும் மடையில மண்சாக்கைப் போட்டு அடைச்சிருக்கீங்க, குழந்தைராஜ் அண்ணே.

– நண்டு வளை வச்சிருக்கு, அமலி. தண்ணி வீணாப் போகுதேன்னு அடைச்சேன். உக்காரு.

– உக்கார வரல. உங்க வயலைத் தாண்டித்தான் என் வயலுக்குத் தண்ணி வரணும். நட்ட பயிர் இன்னும் பச்சை பிடிக்கல.

– காபி போடட்டுமா?

– நேத்தும் இதைத்தான் கேட்டீங்க. முந்தாநாள் எலி, நேத்து வரப்பு இளகிப்போச்சு, இன்னிக்கு நண்டு. நாளைக்கு என்ன, முதலையா?

– உன் பயிர் காயாது. சாயங்காலம் எடுக்கலாம்னு நான் போறதுக்குள்ள தண்ணியே சாக்கைத் தள்ளிடுது.

– அடைக்கிறதும் நீங்க, எடுக்கப் போறதும் நீங்க. நடுவுல நான் எதுக்கு தினம் நடக்கணும்? கேக்குறேன்ல, சொல்லுங்க.

– உன் அண்ணி ஜூலியட் போய்ச் சேர்ந்ததுக்கப்புறம் இந்த வாசல்ல யாரும் ஏறல. மகன் கனடாவுலேர்ந்து ஞாயித்துக்கிழமை பேசுவான். சாப்டீங்களாம்பான், சாப்டேம்பேன். மொதல்ல சாக்கு போட்ட அன்னிக்கு நீ வந்து கத்தினே. பதிலுக்கு நானும் கத்தினேன். ரொம்ப நாள் கழிச்சு என் குரல் எனக்கே கேட்டுச்சு.

– நல்ல நியாயம். நீங்க யார் வாசல்ல ஏறுனீங்க? மாதா கோயில்ல பூசை முடியறதுக்குள்ள பக்கத்துக் கதவு வழியா நழுவிடுறீங்க. வாய்க்கால்ல ஆகாயத்தாமரை அள்ள வீட்டுக்கு ஒரு ஆளுன்னா, திருக்காட்டுப்பள்ளியிலேர்ந்து கூலிக்கு ஆள் அனுப்புறீங்க.

– ஒரு தடவையும் ஆள் அனுப்பத் தவறலையே.

– அந்த ஆள் உங்க பங்கு வேலையைச் செஞ்சு, உங்க பங்கு சோத்தையும் தின்னுட்டுப் போறான். கீழ்வயல் தங்கையன், பெரிய வீட்டுக்காரர் நம்மகூட உக்காந்து சாப்பிட மாட்டார்ங்கிறார். எல்லாரும் ஆமாம்கிறாங்க.

– அப்படியா நினைச்சாங்க? நான் வந்தா துக்கம் விசாரிக்கணும், சிரிச்சுப் பேசிட்டிருக்கிறவங்க வாய் மூடிடுவாங்கன்னுதான் ஒதுங்கினேன்.

– விசாரிப்பாங்க, ஒரு தடவை. அப்புறம் உங்களுக்கு அரிவாள் புடிக்கத் தெரியலன்னு சிரிப்பாங்க. வர்ற சனிக்கிழமை நீங்களே வாங்க. தங்கையன் வீட்டுல மீன் குழம்பு, சோறு நான்.

– தண்ணியில இறங்கி ரொம்ப நாளாச்சு. வழுக்கி விழுந்துட்டா?

– தூக்க அத்தனை பேர் இருப்போம். இந்த வீட்டுக்குள்ள விழுந்தா யார் தூக்குவா?

– சரி, வரேன். உன் வீட்டுக்காரர் ரெமிஜியஸ் கத்தார்லேர்ந்து பேசுறாரா?

– வெள்ளிக்கிழமை பேசுவார். சாப்டியாம்பார், சாப்டேம்பேன்.

– நாளையிலேர்ந்து சாக்கு போடமாட்டேன், அமலி. பாவம், உன்னை வீணா நடக்கவிட்டேன்.

– அண்ணே, இந்த வாய்க்கால் தண்ணிக்கு மண்சாக்கைத் தள்ளுற பலம் ஏது? தினமும் அதைக் காலால உருட்டி விட்டுட்டுத்தான் நான் உங்க வாசலுக்கே வரேன்.