கெணத்துக்குள்ளேருந்து ஒரு குரல்

பேச்சை இங்க கொஞ்சம் நிறுத்தி வச்சுட்டு, ஒரு குட்டிக் கதைக்குள்ள உங்களக் கூட்டிட்டுப் போறேன். வாங்க. கதை நடக்கிறது சினிமாத் தியேட்டர்ல. குழந்தைங்க பாக்குற கார்ட்டூன் படம்... ராஜா, ராணி, சூனியக்காரி எல்லாம் வரும். நாம எதுக்குப் போவோம்? ஏசியில நல்லாத் தூங்கலாம்னு போவோம்! சிரிக்காதீங்க, நானும் தூங்கியிருக்கேன்.

சேதுராமன்னு ஒருத்தர். ரெண்டு புள்ளைங்க. பெரியவன் முகில், அஞ்சாங்கிளாஸ். சின்னவ தேனு, எல்.கே.ஜி. அவர் சம்சாரம் சாந்தி, டப்பிங் ஆர்ட்டிஸ்ட். வேற மொழிப் படத்துக்குத் தமிழ்ல குரல் குடுக்கிற வேலை. அந்த அம்மா... நோயில படுத்து, போய்ச் சேர்ந்துட்டாங்க.

பெரியவனுக்குத் தெரியும். சின்னவ அப்ப சித்தி வீட்டுல இருந்தா. திரும்பி வந்து, "அம்மா எங்கப்பா?"ன்னா. இவர் என்ன சொன்னாரு? "டப்பிங்குக்குப் போயிருக்கா... வேலை முடிஞ்சதும் வந்துடுவாம்மா." மகனத் தனியாக் கூப்பிட்டு, "டேய், பாப்பாகிட்ட மூச்சு விடாத"ன்னாரு. முகில் அழல. எவ்வளவு சமத்துன்னு இவருக்கு ஒரே நிம்மதி!

அப்பதான் இந்தப் படத்துக்குப் போறாங்க. லீவு நாள், தியேட்டர் நிறையக் குழந்தைங்க. கதையில ஒரு பாழுங்கெணறு. உள்ள ஒரு சூனியக்காரி. அவளுக்கு ஒரு வித்தை தெரியும். எந்தக் குழந்தை பக்கத்துல வந்தாலும், அதோட அம்மா மாதிரியே கூப்பிடுவா. இறங்கி வந்தா, தின்னுடுவா. திரையில ஒண்ணுமே இல்ல... இருட்டு. அந்த இருட்டுலேருந்து... மெதுவா...

"வா கண்ணு... அம்மா இங்கதான் இருக்கேன்... இறங்கி வா..."

சேதுராமன் சீட்டுலேருந்து எழுந்தே நின்னுட்டாரு. ஏன்? அது சாந்தி குரல்! படுக்கையில விழுறதுக்கு முன்னாடி பேசிக் குடுத்த குரல். எந்தப் படத்துக்குன்னு இவர் கேட்டதே இல்ல.

தியேட்டரே அலறுது. புள்ளைங்க எல்லாம் கண்ணப் பொத்திக்கிட்டு அம்மா மடியில விழுது. இவர் பக்கத்து சீட்டப் பாக்கிறாரு... காலி.

தேனு சீட்டு வரிசைக்கு நடுவுல இருக்கிற வழியில போயிட்டிருக்கா. ஓடல. தடுமாறல. அந்த இருட்டுல, சொந்த வீட்டுக்குள்ள நடக்கிற மாதிரி நடக்கிறா. முகத்துல சிரிப்பு! அத்தன புள்ளைங்க அலறுற இடத்துல இது ஒண்ணு மட்டும் சிரிக்குது... திரைக்குக் கீழ போய் நின்னு, உள்ளங்கையால தட்டுறா. "அம்மா... வேலை முடிஞ்சிடுச்சா?"

மேலேருந்து பதில் வருது! "அம்மா இங்கதான் இருக்கேன்... இறங்கி வா..."

"எப்படிம்மா இறங்குறது?"

சேதுராமன் ஓடி வந்து தூக்கினா, புள்ள திமிறுது. "விடுப்பா! அம்மா கூப்பிடுறா!" திரையில ஊர்ஜனம் பாறாங்கல்ல உருட்டிக்கிட்டு கெணத்த மூட வருது. புள்ள வீறிடுது... "மூடாதீங்க! எங்கம்மா உள்ள இருக்கா!"

பின்னாடியே ஓடி வந்த முகில், அப்பா சட்டையப் புடிச்சு இழுக்கிறான். "இப்பயாவது சொல்லுப்பா. என்னால முடியலப்பா."

அங்கேயே தரையில உட்கார்ந்து, தேனுவ மடியில வச்சுக்கிட்டு... சொன்னாரு. "அது அம்மாவோட குரல் மட்டும்தான்மா. அம்மா... செத்துப் போயிட்டா. இனிமே வரமாட்டா. அப்பா உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அந்தப் புள்ள உடனே அழல. அப்பாவையே பாத்துச்சு. அப்புறம் திரையப் பாத்துக் கேட்டுச்சு... "அந்தச் சூனியக்காரியும் பொய்தான் சொன்னாளாப்பா?"

அதுக்கப்புறம்தான் அழுதுச்சு.

கேட்டீங்களா? பெத்த அப்பனையும் சூனியக்காரியையும் ஒரே வரிசையில நிக்க வச்சிடுச்சு! அவ என்ன சொன்னா? அம்மா இருக்கேன்னா. இவர் என்ன சொன்னாரு? அம்மா வந்துடுவான்னாரு. அவ தன் பசிக்குச் சொன்னா, இவர் பாசத்துக்குச் சொன்னாரு. அந்தக் குழந்தைக்கு என்ன வித்தியாசம்? ரெண்டு பொய்யும், இல்லாத அம்மாவ இருக்கிற மாதிரிதான் காட்டுச்சு.

புள்ள தாங்காதுன்னு சொல்றோம். நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க... தாங்காதது யாரு? நாமதான்! புள்ள அழுறத நம்மால பாக்க முடியல. அதுக்காகப் பொய் சொல்லிட்டு, அதுக்குப் பாசம்னு பேரு வச்சுக்கிறோம். கூடவே இன்னொரு புள்ள வாயையும் பூட்டிடுறோம்.

உங்க வீட்டுல எது மூடிக் கெடக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். நீங்களே சொல்லிடுங்க. அழட்டும்... உங்க மடியில அழட்டும். நீங்க சொல்லலேன்னா, என்னிக்காவது, எங்கேயோ இருட்டுல, ஒரு குரல் அந்தப் புள்ளையக் கூப்பிடும். அன்னிக்கும் நீங்க பக்கத்து சீட்டுலதான் இருப்பீங்க... அது எழுந்து போறது உங்களுக்குத் தெரியாது.