கையுறைத் தோல்

நீங்கள் தரும் ரொட்டி நன்றாகவே இருக்கிறது. உப்பு சரியாகப் போடுகிறார்கள். எங்கள் ஊரில் விளைச்சல் கெட்ட வருடங்களில் பட்டாணி மாவு கலந்து சுடுவோம். மெல்லும்போது தாடை வலிக்கும். இது நல்ல கோதுமை. பிஷப் வீட்டு அடுப்பில் சுட்டது என்று காவல்காரன் சொன்னான்.

பூசையில் குரு கையிலெடுக்கும் ரொட்டியைப் பற்றி இன்று காலை விசாரணையில் நிறையக் கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் இறகுப் பேனாவைத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள், எழுத்தரே. உங்களுக்குப் பசிக்கவில்லை என்றால் இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். எழுத வேண்டும் என்றில்லை. உங்கள் கேள்விகளில் அது இல்லை. குருவிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வது அவசியமா என்று கேட்டீர்கள். சிலைகளுக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றலாமா என்று கேட்டீர்கள். என் மனைவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அவள் பெயர் அவிஸ். ஆலைக்காரர் மகள். தவக்காலத் தொடக்கத்தில் இறந்தாள். அதற்குப் பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. துக்கம் என்று சொல்ல மாட்டேன். களைப்பு. ஒரு வேலையைச் செய்து முடித்த பிறகும் கை ஓயாமல் இருக்குமே, அந்தக் களைப்பு.

நான் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவன். பட்டம் வாங்கவில்லை. பணம் தீர்ந்துபோனதால் ஊர் திரும்பி, பத்திரங்கள் எழுதிப் பிழைத்தேன். கையுறை தைக்கும் ஹ்யூவை அப்போதுதான் தெரியவந்தது. பாலத்தடியில் கடை. கடைக்குப் பின்னால் ஓர் அறை. அங்கே நீங்கள் தடைசெய்த, ஆங்கிலத்தில் எழுதிய சுவிசேஷம் இருந்தது. ஹ்யூவுக்கு எழுத்து தெரியாது. நான் படிப்பேன், மற்றவர்கள் கேட்பார்கள். நெசவாளிகள், ஒரு தச்சன், இரண்டு மூன்று பெண்கள். நீங்கள் எங்களை லொல்லார்டு என்கிறீர்கள். முணுமுணுப்பவர்கள் என்று வசை. நாங்கள் எங்களை 'தெரிந்தவர்கள்' என்று சொல்லிக்கொண்டோம். ஹ்யூவின் பெயரை நேற்று சொன்னேன். கேட்டீர்கள், சொன்னேன். எனக்குப் பொய் வராது.

அவிஸ் இரண்டு குளிர்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். கல்லும் மரமும் யாருக்கும் உதவாது என்று நான் சொன்னால் தலையாட்டுவாள். கறி கூடாத வெள்ளிக்கிழமையில் பன்றிக்கறி சமைத்தால் சாப்பிடுவாள். பிறகு காடித் தண்ணீரால் வாய் கொப்பளிப்பாள். அக்கம்பக்கத்தாருக்கு வாடை தெரியக் கூடாது என்பாள். கோயிலில் புனித மார்கரீத்தம்மாள் சிலையைக் கடக்கும்போது மட்டும் லேசாகக் குனிவாள். என்ன என்று கேட்டால், "செருப்புல கல்லு" என்பாள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருத்தியின் செருப்பில் எப்போதும் அதே இடத்தில் கல் ஏறாது.

அவள் இறந்த அன்று விடியும்போதே பிரசவ வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி எடித் வந்தாள். அவிஸின் தங்கை லெட்டிஸ் வந்தாள். என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். அது எங்கள் பக்கத்து வழக்கம், உங்களுக்கும் தெரியும். நான் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். சூரியன் கூரைக்கு மேல் வந்ததும் எடித் வெளியே வந்து முழங்கை வரை கழுவினாள்.

"தம்பி, ஆத்துக்கு அந்தாண்ட கன்னியர் மடத்துக்கு ஓடு. மார்கரீத்தம்மா இடைவார் கேளு. வயித்துல சுத்தணும்."

"பிள்ளை குறுக்கே கிடக்கா?"

"அதெல்லாம் நேராத்தான் இருக்கு. அவதான் பயந்து சாகறா. அந்த வார் வந்தாத்தான் முக்குவேன்னு பல்லைக் கடிச்சிட்டுக் கெடக்கா. நீங்க ரெண்டு பேரும் ராவெல்லாம் புஸ்தகம் படிச்சீங்களே, அதுல இதுக்கு ஒண்ணும் எழுதலையா?"

உள்ளேயிருந்து அவிஸின் குரல் வந்தது. "என்னங்க, சண்டை போடாதீங்க. போய் வாங்கிட்டு வாங்க."

மார்கரீத்தம்மாளை அரக்கப் பாம்பு விழுங்கியதாம். அவள் அதன் வயிற்றைப் பிளந்துகொண்டு வெளியே வந்தாளாம். அதனால் அவள் கட்டியிருந்த வார் பிரசவத்துக்கு ஆகும். ஒரு மிருகத்தின் அஜீரணத்துக்கும் என் மனைவியின் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கியதில்லை. ஆனாலும் கிளம்பினேன். பாலம் வரை போனேன்.

அங்கே நின்றேன். மடத்து வாரை ஒரு முறை பார்த்திருக்கிறேன். வெள்ளைத் தோல், இரண்டு விரல் அகலம், பல பெண்களின் வியர்வையில் மஞ்சளித்தது. ஹ்யூவின் கடை வாசலில் படிகாரம் போட்டுப் பதப்படுத்திய ஆட்டுத்தோல் காய்ந்துகொண்டிருந்தது. அதையும் இதையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அப்போதுதான் தோன்றியது. எந்தத் தோலைக் கட்டினாலும் பிள்ளை பிறக்கும் என்றால், எந்தத் தோலிலும் ஒன்றும் இல்லை என்று ஆகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் வருடக்கணக்கில் வாய்ச்சண்டை போட்ட விஷயம். இங்கே ஒரு முற்பகலில் தெரிந்துவிடும். அவிஸும் தன் உடம்பிலேயே தெரிந்துகொள்வாள். அவளுக்கு நான் தரக்கூடிய பெரிய பரிசு அது என்று நினைத்தேன்.

ஹ்யூவிடம் ஒரு துண்டு கேட்டேன்.

"இவ்ளோ நீளத்துக்கா? யாரு வாத்தியாரே, ஆனைக்குக் கையுறையா?"

காரணத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார்.

"அவங்க கேட்டா என்ன சொல்வீங்க?"

"கேட்க மாட்டாங்க. கையில் கொடுப்பேன். பிள்ளை பிறந்ததும் உண்மையைச் சொல்லிடுவேன்."

"வேணாம் வாத்தியாரே. கேட்டா, மடத்து வாருதான்னு சொல்லிடுங்க. அதோட வாயைத் தெறக்காதீங்க. ஆயுசுக்கும் தெறக்காதீங்க. ஒரு பொம்பளை பெத்துப் பொழைக்கட்டும். அந்தப் பொய்யை என் தலையில போட்டுக்கிறேன்."

ஹ்யூ நல்ல மனிதர். ஆனால் படிக்காதவர். பொய்க்கும் இரக்கத்துக்கும் இடையில் அவருக்குக் கோடு தெரியாது. தோலைக் கொஞ்சம் கசக்கி, சட்டைக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கி எடுத்துப் போனேன். எடித்தின் கையில் வைத்தேன். ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது பொய் ஆகாது. இதைப் பற்றிக் கல்லூரியில் ஒரு மழைக்காலம் முழுக்க வாதிட்டிருக்கிறோம்.

கதவு சரியாக மூடவில்லை. இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவிஸ் அந்தத் தோலை முத்தமிட்டாள். எடித் வயிற்றில் சுற்றினாள். அவிஸின் முகம் மாறியதைச் சொல்ல வேண்டும். நெற்றிச் சுருக்கம் போயிற்று. மூச்சு சீராயிற்று. எடித் சொன்னபோதெல்லாம் முக்கினாள், ஓயச் சொன்னபோது ஓய்ந்தாள். எடித்தே சிரித்துவிட்டாள்.

"இப்படித்தான்டி ராசாத்தி. இதைக் காலையிலேயே செஞ்சிருந்தா நான் இந்நேரம் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடிச்சிருப்பேன். இந்தா, தலை தெரியுது."

நான் நினைத்தது சரியாயிற்று. தோலில் ஒன்றுமில்லை, எல்லாம் அவளிடமே இருந்தது. அந்த நிமிடம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதற்குப் பிறகு அப்படி இருந்ததில்லை.

அப்போது அவிஸ் பேசினாள். "வந்துட்டா, லெட்டிஸ். மார்கரீத்தம்மா வந்துட்டா. கால்மாட்டுல நிக்கிறா பாரு."

"ஆமாக்கா, நிக்கிறா. முக்கு."

"பொண்ணு பொறந்தா உம் பேருதான் தாயே. வெறுங்காலோட உன் கோயிலுக்கு நடந்து வரேன். அந்தக் கையுறைக் கடைக்கு இனிமே போக மாட்டேன். அவருக்காகத்தான் போனேன். மன்னிச்சுக்கோ."

நான் இடுக்கில் நின்று இதை யோசித்தேன். அவசரப்படவில்லை. பிறந்த பிறகு சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பிள்ளையைக் கையில் வைத்திருப்பவளிடம் எந்த வாதமும் எடுபடாது. கையுறைத் தோல் என்று சொன்னால், அம்மாள் அதிலும் இறங்கி வந்தாள் என்பாள். ஊரெல்லாம் அதைப் பேசும். நானே என் கையால் ஒரு அற்புதத்தைச் செய்து கொடுத்தவன் ஆவேன். அவள் இனி எந்நாளும் அந்தச் சிலையின் காலடியில் கிடப்பாள். வலியில் இருக்கும்போதுதான் அவள் கேட்பாள். அதனால் கதவைத் திறந்தேன்.

"ஐயய்யோ, தம்பி, வெளிய போ. ஆம்பளைக்கு இங்க என்ன வேலை?"

"ஒரு வார்த்தை சொல்லணும்."

"பொழுது சாஞ்சு சொல்லு. போ."

"அவிஸ், அது மடத்து வார் இல்ல. ஹ்யூ கடைத் தோல். கையுறைக்குப் பதம் பண்ணினது. இவ்வளவு தூரம் வந்தது நீயே. கடவுள் கொடுத்த பலம். கால்மாட்டுல யாரும் இல்ல."

நல்ல வார்த்தைகள். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். மென்மையாகத்தான் சொன்னேன்.

அவள் தோலைப் பார்த்தாள். கால்மாட்டைப் பார்த்தாள். பிறகு என்னை.

"வெளையாடுறீங்க."

"இல்ல."

"பொய்தானே? என்னங்க, பொய்னு சொல்லுங்க. அது மடத்து வாருதான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

"சொல்லித் தொலைடா பாவி," என்றாள் எடித். லெட்டிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தான், உங்களைக் கும்பிடுறேன். சொல்லுங்க அத்தான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்லவில்லை. உண்மை ஒன்றுதான் எங்களிடம் இருந்தது, எழுத்தரே. கோயில் இல்லை, மணி இல்லை, பட்டு அங்கி இல்லை. அதையும் விட்டுவிட்டால் மற்றவர்களுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?

அவிஸ் தானே அந்தத் தோலை அவிழ்த்தாள். மடித்துத் தரையில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் முக்கவில்லை. எடித் கெஞ்சினாள், கன்னத்தில் அறைந்தாள், வெண்ணெய் தடவினாள். வலி விட்டுவிட்டு வந்து, பிறகு நின்றே போயிற்று. மாலை மணி அடிக்கும்போது எடித் எப்படியோ குழந்தையை எடுத்தாள். பெண். நீலமாக இருந்தது. எடித் தண்ணீர் தெளித்து ஒரு பெயர் சொன்னாள். உயிர் இருந்ததா என்று தெரியாது. ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் தேவையில்லை என்பதுதான் எங்கள் கொள்கை. ஆனாலும் நான் தடுக்கவில்லை. அவிஸுக்கு ரத்தம் நிற்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியே போய்விட்டாள்.

லெட்டிஸ் அங்கிருந்து நேராகக் குருவானவரிடம் ஓடினாள். அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் அவிஸைக் கொன்றேன் என்கிறாள். யோசித்துப் பார்த்தேன். மறுப்பதற்கு என்னிடம் வாதம் இல்லை. கொன்றேன். அவள் பிழைத்துக்கொண்டிருந்தாள், அது தெரிந்தே உள்ளே போனேன். ஆனால் அவளை ஏமாற்றவில்லை. அது மட்டும் உங்கள் மனதில் இருக்கட்டும். அவள் சாகும்போது உண்மை தெரிந்து செத்தாள்.

இன்று காலை ஹ்யூவை எனக்கு முன்னால் கூப்பிட்டீர்கள். புத்தகத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னீர்கள். சத்தியம் செய்வதே பாவம் என்பது எங்கள் பாடம். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆமான்னா ஆமா, இல்லேன்னா இல்ல. அதுக்கு மேல எங்கிட்டப் பேச்சில்லைங்க," என்றார்.

அவரைக் கீழறைக்குக் கொண்டுபோனார்கள். அவரை எரிக்க விறகுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று என்று காவல்காரன் சொன்னான். போகும்போது ஹ்யூ என்னைப் பார்த்தார். வருத்தமாகத்தான் பார்த்தார்.

பிறகு நான். கை வைக்கச் சொன்னீர்கள், வைத்தேன். குருவின் வார்த்தைக்குப் பிறகு அது ரொட்டி அல்ல, கிறிஸ்துவின் உடல் என்று நம்புகிறாயா என்றார்கள். ஆமாம் என்றேன். சிலைகளை வணங்க வேண்டுமா? ஆமாம். மார்கரீத்தம்மாளின் வார் பிள்ளை பெறுகிறவளைக் காக்குமா? ஆமாம். நீங்களே எழுதினீர்கள். என் குரல் நடுங்கியதா? நடுங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு சந்தையைச் சுற்றி வர வேண்டும். வந்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

அதைப் பொய் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. உயிர் போகிற இடத்தில் சொல்லும் ஒரு வார்த்தையைக் கடவுள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.