டீச்சர் வரச்சொன்னது

பேட்டையில் பஸ் ஏறியதுமே ஒரு அம்மா, எனக்கு முன் சீட்டில் இருந்த டீச்சரைப் பார்த்துவிட்டார். ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளை முன்னே தள்ளி நிறுத்தினார்.

“நீங்க வரச்சொன்னீயன்னதும் நல்லா நாலு வச்சுதான் டீச்சர் கூட்டியாரேன்.”

“எதுக்கும்மா அடிச்சீங்க?”

“நீங்களே வரச்சொல்லுதீய. என்னமாச்சும் செஞ்சிருப்பால்லா!”

“அவ ஒண்ணுமே செய்யல. வலது காது சரியாக் கேக்கல. பெரியாஸ்பத்திரியில காட்டுங்கன்னு சொல்லத்தான் வரச்சொன்னேன்.”

அம்மாவின் கை மகளின் வலது கன்னத்துக்குப் போனது.

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். “போன வாரம் ஒருத்தி பிரம்போடயே வந்து நிக்கா! பிள்ளைக்கு ஒரு நல்லது சொல்ல உங்களைக் கூப்பிட முடியுதா? இனி யாரையும் வரச்சொல்லப் போறதில்ல. நானே வீட்டுக்கு வாரேன்.”

“ஐயோ, வேண்டாம் டீச்சர்! நீங்க வீடு தேடி வந்தா இவ அப்பால்லா அடிப்பாரு!”