நெருஞ்சிச் சாறு குடித்த எலிகள்

பெயர் சூசைநாதன், த/பெ. லூர்துசாமி, வயது 52, மைசூரு விஜயநகரில் குடியிருக்கிறேன். தனியார் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர். படிப்பு எம்.எஸ்சி.; என் பிஎச்.டி. ஆய்வைத் துறைத்தலைவர் ரத்தினசாமி பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நிறுத்தினார்.

ஆய்வு மாணவி கனகா பன்னிரண்டு ஆண் எலிகளை வைத்துச் சோதனை செய்தார். ஆறுக்குப் பூச்சிமருந்து மட்டும், மற்ற ஆறுக்குப் பூச்சிமருந்தோடு நெருஞ்சிச் சாறும் அறுபது நாள் கொடுக்கப்பட்டன. பூச்சிமருந்து உண்டாக்கும் ஆக்சிஜனேற்றம் விந்தணுவைக் கெடுக்கிறது. சாறு அதைத் தடுக்கிறதா என்பதே கேள்வி. எந்த எலி எந்தக் கூண்டைச் சேர்ந்தது என்று தெரிய ரோமத்தில் மஞ்சள் சாயம் வைப்போம். வாராவாரம் அதைப் புதுப்பிப்பது என் வேலை. ஜனவரியில் வெளியான எங்கள் துறையின் ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் இல்லாததால் இரண்டு வாரம் வேண்டுமென்றே புதுப்பிக்கவில்லை. அறுபதாம் நாளுக்கு மறுநாள் எலிகளை இரண்டு தொட்டிகளில் விட்டுக் கூண்டுகளைக் கழுவினேன். சாயம் மங்கியிருந்தது. ஞாபகத்தை நம்பித் திருப்பி விட்டு, புதிதாகச் சாயம் வைத்தேன்.

அதன் பின்னர் கூண்டுக்கு மூன்றாக அறுத்துப் பார்த்தபோது, சாறு குடித்ததாகக் குறியிட்ட எலிகளின் விந்தணுக்கள் அசையவே இல்லை. மீதி ஆறையும் கொன்று ஆய்வை முடிக்கத் துறைத்தலைவர் உத்தரவிட்டார். வேண்டாம் என்று கனகா அழுதார்.

பிப்ரவரி 7 மாலை கொல்ல எடுத்தபோது, பூச்சிமருந்துக் கூண்டில் வால் நுனி அறுந்த எலி ஒன்று இருந்தது. பதிவேட்டைப் பார்த்தேன். முதல் நாளில் அது சாறு குடித்த கூண்டில் இருந்தது. இரண்டு கூண்டு எலிகளையும் நான்தான் மாற்றி விட்டிருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது.

துறைத்தலைவரிடம் சென்று, "சார், கூண்டுல ஒரு சந்தேகம்" என்றேன். அவர் தலை நிமிராமல், "எம்.எஸ்சி.ய இன்னும் மறக்கலியா சூசை? நீ கூண்டு கழுவு மகராசா, போதும்" என்றார். தவறு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. கொன்றதாகப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அந்த ஆறையும் உபரிப் பெண் எலிகள் ஆறையும் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். ஆணுக்கு ஒரு பெண்ணாகச் சேர்த்து வைத்தேன்.

அதன் பின்னர் மார்ச் 9 தணிக்கையில், எரிக்கக் கொடுத்த உடல்களில் ஆறு குறைந்தது. தோல்வியை மறைக்கக் கனகா திருடினார் என்று துறைத்தலைவர் புகார் கொடுத்தார். மறுநாள் இந்தக் காவல் நிலையத்தில் கனகாவும், ஹனூரிலிருந்து வந்த அவருடைய தகப்பனார் சென்னப்பனும் உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். "ஏனுங்க, எலி திருடறதுக்கா எம்புள்ளய இத்தன தூரம் படிக்க வெச்சேன்? காட்டுல ஓடறத புடிச்சாந்தா பத்தாதுங்களா?" என்று அவர் காவலரிடம் கேட்டார். வயலில் பூச்சிமருந்து அடித்த கை, விரலெல்லாம் வெடிப்பு. நான் அப்படியே வீடு திரும்பினேன். இன்று வந்திருக்கிறேன்.

சாறு குடித்த மூன்று எலிகளில் இரண்டோடு சேர்ந்த பெண் எலிகள் மார்ச் 5, 6 தேதிகளில் ஒன்பதும் ஏழுமாகக் குட்டி போட்டன. பூச்சிமருந்து மட்டும் குடித்தவற்றின் இணைகளில் ஒன்றும் சினையாகவில்லை. மூன்று எலி நிரூபணம் ஆகாது, அது எனக்குத் தெரியும். ஆய்வை மறுபடி செய்ய அது போதும். கனகா செய்யட்டும். சாயம் வைக்க வேறு ஆளைப் போடட்டும்.

எலிகளைக் கைப்பற்றும்போது குட்டிகளைத் தொட்டு எண்ண வேண்டாம். தாய் மிரண்டால் தின்றுவிடும்.

இதை வாசிக்கக் கேட்டேன், நடந்தது இதுவே. ஒரு திருத்தம் மட்டும்: குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்தில் உள்ள கனகாவின் பெயரை அடித்து, என் பெயரை எழுதவும்.

(ஒப்பம்) சூசைநாதன்
மைசூரு, மார்ச் 11