மூன்றாவது சொல்

அன்று காலை எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது, நீதிபதி ஐயா. பல் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் உங்களுக்கும் எனக்கும் இந்த வேலையே இருந்திருக்காது.

நான் அரண்மனை எழுத்தன். அரசருக்கு உடம்பு சரியில்லை என்றால், காலை ஒன்பதுக்கும் மதியம் பன்னிரண்டுக்கும் வாசல் கம்பியில் ஓர் அட்டை தொங்கும். அதை எழுதுவதும் தொங்கவிடுவதும் என் பொறுப்பு. முப்பத்தோரு வருடமாக என்னைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை. உயிர் இருக்கும்வரை மூன்றே சொற்கள்தான் உண்டு என்பது உங்களுக்கும் தெரியும். ‘நலம்’ என்றால் கூட்டம் கலைந்துவிடும். ‘ஓய்வு’ என்றால் காத்திருக்கும். ‘அமைதி’ என்றால் வைத்தியர் கைவிட்டார் என்று பொருள். அந்த மூன்றாவது சொல்லிலிருந்து எந்த அரசரும் திரும்பி வந்ததில்லை.

பதினாறு நாள் ‘ஓய்வு’ என்று எழுதினேன். வண்டிச் சத்தம் கேட்கக் கூடாதென்று வீதி முழுக்க வைக்கோல் பரப்பியிருந்தார்கள். பனி விழ விழ அது சேறாகிப் போனது, ஜனம் நகரவில்லை. கருவாடு விற்கும் மால்ஃப்ரிட் தினமும் என்னை வம்புக்கு இழுப்பாள். “என்ன எழுத்தரய்யா, இன்னிக்கும் அதே பழைய கஞ்சிதானா? புதுசா ஒரு வார்த்தை எழுதினா கை சுளுக்கிக்குமா?”

பதினேழாம் நாள் எழுதினேன். டாக்டர் ஹெல்வார் படியிறங்கி வந்து, “கண்டம் தாண்டிட்டாருய்யா. ராத்திரி பூரா அமைதியாத் தூங்கினாரு. ஞாயித்துக்கிழமை ஜன்னல்ல நிக்கலாம்” என்றார். என் தாடை விண்விண் என்று தெறித்தது. காதில் விழுந்த சொல்லைக் கை எழுதிவிட்டது. மை காயும்வரை விசிறி, கொண்டுபோய்த் தொங்கவிட்டேன். ‘அரசர் அமைதியாக இருக்கிறார்.’

கூட்டத்தில் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மால்ஃப்ரிட் தலைத்துணியை அவிழ்த்துவிட்டு அந்தச் சேற்றில் மண்டியிட்டாள். துறைமுகத்தில் கொடிகள் பாதிக்கு இறங்கின. எதிர்க்கடைக்காரர் கதவில் கறுப்புத் துணி கட்டினார். அப்போதுதான் அட்டையைத் திரும்பிப் பார்த்தேன்.

டாக்டரிடம் மறைக்கவில்லை, சொன்னேன்.

“அடக் கடவுளே, என்னய்யா எழுதித் தொலைச்சிருக்கீரு? அங்க ரயிலடியில இளவரசர் வந்து இறங்கப் போறாரு. நான் ஓடிப்போய் அவர்கிட்ட சொல்றேன். நீரு மொதல்ல இதைச் சரி பண்ணும்.”

“பன்னிரண்டுக்குள்ள சரி பண்ணிடறேன்” என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன்.

யோசித்துப் பாருங்கள். அட்டை ஒரு முறை பொய்த்தால், பிறகு எந்த அட்டையை நம்புவார்கள்? நாளைக்குப் போர், பஞ்சம் என்று நான் எழுதினால், “போய்யா, உன் எழுத்தும் நீயும்” என்பார்கள். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. அழுது முடித்த ஜனத்திடம் போய், அழுதது வீண் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

பதினொன்றரைக்கு மேலே போனேன். அரசர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து பார்லிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். “உப்பே இல்ல. இது ராஜத் துரோகம்” என்று சொல்லி, தாதி திரீனாவைச் சமையலறைக்குத் துரத்தினார். அவள் சிரித்துக்கொண்டே போனாள். என்னைப் பார்த்ததும், “என்ன ஆஸ்மன், மூஞ்சி வீங்கிக் கிடக்கு? பொண்டாட்டி அடிச்சாளா?” என்றார்.

“பல்வலி, மகாராஜா.”

கீழே பாட ஆரம்பித்தார்கள். அவர் காதைத் தீட்டிக் கேட்டார்.

“யாருக்குய்யா பாடுறாங்க? சாவு வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கே.”

“உங்களுக்குத்தான்.”

“நான் இன்னும் சாகலையேடா. ஜன்னலைத் திற. ஒரு தடவ கை காட்டறேன், அலறி ஓடட்டும்.” போர்வையை விலக்கி ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டார். மெலிந்த கால். இறகு மாதிரி கனமே இல்லாத அதைத் தூக்கித் திரும்பக் கட்டிலில் வைத்தேன்.

“வெளியே குளிர். முதல்ல மருந்து குடிங்க, அப்புறம் திறக்கறேன்.”

தூக்க மருந்துக்குப் பதினைந்து சொட்டுதான் கணக்கு. நான் முழுக் குப்பியையும் தேனில் கலந்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். “கசக்குதுய்யா. மிச்சம் இருந்தா உன் பல்லுக்கு ரெண்டு சொட்டு விட்டுக்க. வலிக்கு நல்லது” என்றார். எப்போதும் அப்படித்தான், அடுத்தவர் வலி அவருக்குப் பொறுக்காது. குப்பியின் அடியில் இருந்ததை விட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வலி நின்றது. பிறகு குப்பியை அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். திரீனா உப்புப் போட்ட கஞ்சியோடு வந்தபோது, அரசர் தூங்குகிறார் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். மறுநாள் குப்பியைக் கண்டெடுத்தவளும் அவள்தான்.

என் கை தவறியதற்காக அவரைக் கொன்றதாக உங்கள் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அரசர்மேல் எனக்கு இருந்த அன்பு யாருக்கும் இருந்ததில்லை. அவர் பெயரால் ஒரு பொய் தொங்கக் கூடாது என்றுதான் செய்தேன்.

கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மதிய அட்டையை மேலே போவதற்கு முன்பே எழுதியிருந்தேன். பனி நாளில் மை காயத் தாமதமாகும். ‘பன்னிரண்டு மணிக்கு அரசர் காலமானார்.’ முதல் மணி அடிக்கும்போது தொங்கவிட்டேன், அதுதான் முறை. பேராலயத்தில் சாவு மணி தொடங்கியது. திரும்பி மேலே வந்தால் அவருக்கு இன்னும் மூச்சு இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் இமை துடித்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு நின்றபோது மணி பன்னிரண்டு பத்து.

முப்பத்தோரு வருடத்தில் என் கையெழுத்தில் போன பொய் அந்தப் பத்து நிமிடம்தான், ஐயா. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.